ஆற்றங்கரை மண்ணுக்குள் எத்தனை காடு? விதைவங்கி பற்றி ஓர் அறிமுகம்

மே மாதத்து ஏரியைப் பார்த்திருப்பீர்கள். தரை வெடித்துக் கிடக்கும், ஆடு மாடு நடந்தால் புழுதி பறக்கும், ஒரு பச்சை இலை இருக்காது. ஐப்பசி மழையில் நாலு நாள் ஈரம் நின்றதும் அதே தரையில் கோரை, நீர்முள்ளி, பெயர் தெரியாத பொடிச் செடிகள் என்று கரை முழுக்கப் பச்சை ஏறிவிடும். யாரும் விதைக்கவில்லை. "தானா மொளச்சது" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

ஆனால் விதை இல்லாமல் எதுவும் முளைக்காது. கோரையில் ஒரு பங்கு கிழங்கிலிருந்து வந்திருக்கும், சரி. மற்றவை எல்லாம் அந்தக் காய்ந்த மண்ணுக்குள் விதையாகக் கிடந்தவைதான். சில போன வருஷம் விழுந்தவை, சில பல வருஷங்களுக்கு முன் விழுந்தவை. இப்படி மண்ணுக்குள்ளும், மண்மேல் கிடக்கும் சருகுக்குள்ளும் உயிரோடு காத்திருக்கும் விதைகளின் மொத்த இருப்புக்குத்தான் மண் விதைவங்கி என்று பெயர்.

இந்தக் கட்டுரை ஏரியைப் பற்றியது அல்ல, ஆற்றங்கரைக் காட்டைப் பற்றியது. ஒரு கரையில் காலம் காலமாக நிற்கும் காடு. எதிர்க்கரையில் முப்பது வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் கன்று நட்டு வளர்த்த காடு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காலடி மண்ணுக்குள்ளும் அவை ஒன்றுதானா என்பதே கேள்வி. அதற்குப் போகும் முன் வங்கி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மூன்று கரண்டிச் சேறும் இருபது பாட்டிலும்

சார்லஸ் டார்வின் ஒரு பிப்ரவரி மாதம் ஒரு சிறு குளத்தின் ஓரத்தில், தண்ணீருக்கு அடியில், மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்துவந்தார். காய்ந்த நிலையில் அது 200 கிராம்கூட இல்லை. தன் படிப்பறையில் ஆறு மாதம் அதை மூடிவைத்து, முளைக்கிற ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். அந்தச் சேறு முழுவதும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

விதை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் சோதிக்கத் தொடங்கினார். 1879இல் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள், வகைக்கு 50 விதைகள். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும். அவர் காலமான பிறகும் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் இதை விடாமல் செய்துவருகிறார்கள். 16ஆவது பாட்டிலை 2021இல் எடுத்தார்கள். 142 வருஷம் மண்ணுக்குள் இருந்த பிறகும் வெர்பாஸ்கம் என்ற ஒரு களைச்செடியின் விதைகள் முளைத்தன. மற்ற பெரும்பாலான வகைகள் எப்போதோ செத்துப்போயிருந்தன. கடைசிப் பாட்டிலை 2100இல் எடுக்க வேண்டும். தன் ஆயுளுக்குள் விடை தெரியாது என்று தெரிந்தே ஒருவர் தொடங்கிய சோதனை இது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

இந்தச் சோதனையிலிருந்து நமக்கு வேண்டியது, விதைகளுக்குள் இருக்கும் பெரிய வித்தியாசம். 1979இல் கென் தாம்சன், பிலிப் கிரைம் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வகைப்பாடு தந்தார்கள். அதன் சாரம் எளிது. மண்ணில் ஒரு வருஷத்துக்குள் முளைத்தோ செத்தோ தீர்ந்துவிடும் விதைகள் ஒரு பக்கம், ஒரு வருஷத்தைத் தாண்டியும் உயிரோடு இருப்பவை இன்னொரு பக்கம். முதல் வகையால் வங்கியில் நிலையான இருப்பு எதுவும் சேராது. கையில் வந்த அன்றே செலவாகிவிடும் காசு அது. இரண்டாவது வகைதான் சேமிப்பு.

நாவல் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் காயவைத்து அடுத்த வருஷம் விதைத்தால் முளைக்காது. அதன் விதை காய்ந்தால் செத்துவிடும், ஈரமாக வைத்திருந்தாலும் சில வாரங்களுக்குமேல் தாங்காது. காட்டின் பெருமரங்கள் பலவற்றின் நிலை இதுதான். கனமான, சதைப்பற்றுள்ள, ஈரமான விதை. விழுந்த உடனே முளைக்க வேண்டும், இல்லையென்றால் அழுகவோ வண்டுக்கு இரையாகவோ வேண்டும். இதற்கு நேர் எதிர் சீமைக்கருவேலம். கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் அதன் விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தும் சாகாது, மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

எப்போது கதவு திறக்கும்?

காத்திருக்கும் விதைக்கு 'இப்போது முளைக்கலாம்' என்று எப்படித் தெரிகிறது? ஈரம் மட்டும் போதாது. ஈரம் மட்டுமே போதுமென்றால் முதல் மழையிலேயே எல்லா விதையும் முளைத்து வங்கி காலியாகிவிடும்.

பொடி விதைகளுக்கு முக்கியமான அடையாளம் வெளிச்சம். பீல் சோதனையின் பாட்டிலை இராத்திரி இருட்டில் தோண்டி எடுக்கிறார்கள் என்பதற்குக் காரணமும் இதுதான். ஒரு நொடி வெயில் பட்டாலே சில விதைகள் விழித்துக்கொள்ளலாம். அதைவிட நுட்பமான விஷயம், விதைக்கு வெளிச்சத்தின் நிறமும் தெரியும். மரத்தின் இலை சிவப்பு ஒளியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்துள்ள, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைச் சிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே காட்டுத் தரைக்கு வரும் ஒளியில் சிவப்பு குறைவு. விதைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த இரண்டின் விகிதத்தை அளந்துகொண்டே இருக்கிறது. மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வானம் திறந்தால் சிவப்பு கூடுகிறது. "தலைக்கு மேலே இடம் காலி" என்பது விதைக்கு எட்டிவிடுகிறது. மெக்சிகோவின் லாஸ் துக்ஸ்லாஸ் மழைக்காட்டில் செக்ரோப்பியா மரத்தின் விதைகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். திறந்த வெளியில் பகலுக்கும் இரவுக்கும் மண் சூட்டில் ஏற்படும் பெரிய ஏற்ற இறக்கமும் சில விதைகளுக்கு இதே செய்தியைச் சொல்லும்.

இப்படிக் காத்திருந்து, இடைவெளி கிடைத்ததும் குபீரென்று கிளம்பும் மரங்களை முன்னோடி மரங்கள் என்கிறோம். வேகமாக வளரும், சில பத்தாண்டுகளில் மூப்படையும், பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கில் விதை போடும். காட்டின் காயத்துக்கு முதலில் தோல் கட்டுபவை இவைதான்.

ஆறு என்றால் கணக்கு மாறும்

மலைச்சரிவுக் காட்டில் மண்ணுக்கு விதை கொடுப்பவை மேலே நிற்கும் மரங்களும், பறவை, வௌவால், காற்றும். ஆற்றங்கரையில் இன்னொரு பெரிய முதலீட்டாளர் உண்டு. வெள்ளம். மேலே எங்கோ உதிர்ந்த விதையை மிதக்கவிட்டு, வண்டலோடு சேர்த்துக் கரையில் படியவைத்துவிட்டுப் போகிறது. அதே வெள்ளம் அடுத்த வருஷம் கரையை அரித்து மொத்த இருப்பையும் அள்ளிக்கொண்டும் போகும். சில இடத்தில் ஒரு முழம் வண்டலுக்குக் கீழே விதையைப் புதைத்துவிடும். கடுகைவிடச் சிறிய விதைக்கு அந்த ஆழத்திலிருந்து எழுந்துவரச் சக்தி கிடையாது. ஆனால் தண்ணீர் ஊறிய, காற்றில்லாத மண்ணில் சில விதைகள் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். பின்னாளில் கரை சரியும்போது மறுபடி மேலே வரும். ஆகவே ஆற்றங்கரை மண் அடுக்கடுக்கானது. பத்தடி தள்ளி எடுத்த மண்ணில் வேறு கணக்கு வரும்.

ஆற்றை நம்பியே வாழும் மரங்கள் எல்லாம் மண்ணில் சேமிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். குளிர்நாட்டு ஆறுகளின் அடையாளமான வில்லோ, பாப்லர் மரங்களின் பஞ்சு விதைகள் சில நாட்களோ சில வாரங்களோதான் உயிரோடு இருக்கும். வெள்ளம் வடிந்து ஈர மணல் வெளியே தெரியும் அந்தச் சரியான வாரத்தில் விதை வந்து விழ வேண்டும். மேற்கு அமெரிக்காவில் அணைகள் வந்து வெள்ளத்தின் காலம் மாறிய பிறகு, பல ஆறுகளில் பழைய பாப்லர் மரங்கள் நிற்கின்றன, இளங்கன்றுகளைக் காணோம். மண்ணில் இருப்பு இல்லாத மரத்துக்கு ஒரு தவறிய பருவம்கூடப் பெரிய இழப்பு. அணை செய்யும் இன்னொரு வேலை, மிதந்துவரும் விதையை வழியிலேயே நிறுத்துவது. சுவீடன் ஆறுகளில் அடுத்தடுத்த நீர்த்தேக்கங்களின் கரைகளில் தாவரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டுப்போயிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இமைமயிர்க் காடு

இயற்கைக் காட்டையும் நட்ட காட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தெரிந்து நல்ல இடம் பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலம். அங்கே ஆற்றங்கரைக் காட்டுக்குப் பெயர் மாட்டா சிலியார். இமைமயிர் போன்ற காடு என்று பொருள். கண்ணைத் தூசியிலிருந்து இமைமயிர் காப்பதுபோல் ஆற்றைக் காப்பது. இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

முதலில் காப்பி, அப்புறம் மாட்டுப் புல்வெளி, அப்புறம் கரும்பு என்று அங்கே காடு கரைவரை வெட்டப்பட்டது. 1965ஆம் வருஷத்து வனச் சட்டம் ஆற்றோரப் பட்டையைப் பாதுகாக்கச் சொன்னது. இப்போது நடப்பில் இருக்கும் 2012ஆம் வருஷச் சட்டப்படி, 10 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடையாக இருந்தாலும் இரு பக்கமும் 30 மீட்டர் காடு இருக்க வேண்டும். பழைய பண்ணைகளுக்குச் சலுகைகள் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்க, நடுவதும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. காஸ்மோப்போலிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஜகுவாரி ஆற்றங்கரையில் 1955 முதல் 1960 வரை எழுபதுக்கும் மேற்பட்ட மர வகைகளைக் கலந்து நட்டார்கள். இன்றைக்கு அதற்கு அறுபது வயதுக்கு மேல். இராசெமாப்போலிஸ் என்ற சிற்றூரில் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1980களின் கடைசியில் நட்டார்கள். பக்கத்திலேயே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பழைய காடும் மிச்சம் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒப்பிடுவது இப்படி. சருகை விலக்கித் தனியாக எடுத்துக்கொண்டு, உதாரணமாக 25 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, மேல்மண்ணை 5 செ.மீ. ஆழத்துக்கு வழித்தெடுக்க வேண்டும். விதை ஒரே சீராகப் பரவியிருக்காது என்பதால் ஒரே காட்டில் பல இடங்களில் எடுக்க வேண்டும். பிறகு அந்த மண்ணை நிழல்வலைக் கூடாரத்தில் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பித் தினமும் தண்ணீர் தெளித்து, முளைப்பதை மாதக்கணக்கில் எண்ண வேண்டும். பக்கத்தில் விதையே இல்லாத, சூடுபடுத்திய மணல் மட்டும் உள்ள ஒரு தட்டும் இருக்க வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் அது காற்றில் வந்த விருந்தாளி, கணக்கிலிருந்து கழித்துவிடலாம். கிணறு தோண்டி எடுத்த மண்மேட்டில் செடி முளைத்தால் 'ஆழத்து விதை' என்று நம் ஊரில் ஆச்சரியப்படுவோம் இல்லையா? அதில் பெரும்பாலும் இப்படி வெளியிலிருந்து வந்தவைதான். விதை மிகுதியாக இருப்பது மேலே உள்ள சில அங்குலத்தில். 25 செ.மீ. சதுரம் என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. தட்டில் 20 நாற்று வந்தால், சதுர மீட்டருக்கு 320 விதை என்று கணக்கு. முளைக்க மறுத்தவை இதில் வராது, ஆகவே உண்மை இருப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இப்போது முடிவுக்கு வருவோம். புதிதாகப் படிக்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். நட்டுச் சில வருஷமே ஆன காட்டின் மண்ணில் பழைய காட்டைவிட அதிகமாக நாற்றுகள் முளைக்கலாம். "ஆகா, நம் காடு ஜெயித்துவிட்டது" என்று துள்ளக் கூடாது. முளைத்தவை என்ன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் புல், களை, ஒரு பருவத்துச் செடிகள். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த பிராக்கியாரியா புல் அங்கே பெரிய தொல்லை. கரும்புக்கும் மாட்டுக்கும் உழைத்த காலத்தில் அந்த மண் சேர்த்துவைத்த கடன் அது. பழைய காட்டு விதைகள் அந்த நெடுங்காலத்தில் உழவிலும் தீயிலும் தீர்ந்துபோயின. காடு மேலே புதிது, கீழே இன்னும் வயல்.

பழைய காட்டு மண்ணில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மர விதைகளின் பங்கு கூடுதல். எம்பாவூபா என்ற செக்ரோப்பியா வகை, திரெமா, குரோட்டான் போன்ற முன்னோடிகள் வரும். ஆனால் இங்கேயும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. தலைக்குமேல் நிற்கும் பெருமரங்களில் பல அந்தத் தட்டில் முளைக்கவே முளைக்காது. நம் கொடுக்காப்புளிக்கு உறவான இங்கா அந்தக் கரைகளில் நிறைய உண்டு. அதன் விதை சில சமயம் காய்க்குள் இருக்கும்போதே முளைவிட்டுவிடும், மண்ணில் காத்திருக்கும் பழக்கமே இல்லை. நம் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்த குவானந்தி சதுப்பில் வளர்வது, வௌவாலும் வெள்ளமும் அதன் விதையைச் சுமக்கின்றன, அதுவும் சேமிப்பதில்லை. இந்த மரங்கள் தங்கள் எதிர்காலத்தை விதையாக வைப்பதில்லை, நிழலில் முழங்கால் உயரத்துக்கு நின்றுவிட்ட கன்றுகளாக வைத்திருக்கின்றன. அதை நாற்று வங்கி என்பார்கள். ஆகவே இயற்கைக் காட்டிலும் மேலே நிற்பதற்கும் மண்ணுக்குள் இருப்பதற்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. முழுக் காட்டையும் மண் தன் பைக்குள் வைத்திருக்கிறது, வெட்டினாலும் அது திருப்பித் தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண் திருப்பித் தருவது முதலுதவியை மட்டும்தான்.

நட்ட காடு வயதாக ஆக என்ன நடக்கும்? நிழல் மூடியதும் புல் விதை போடுவது நிற்கிறது. ஏற்கெனவே கிடக்கும் புல் விதை மெல்ல மெல்லச் செத்து இருப்பு குறைகிறது. நட்ட முன்னோடிகள் காய்த்துத் தங்கள் பொடி விதைகளைச் சேர்க்கின்றன. பழம் கிடைக்கிறது என்று தெரிந்து பறவையும் வௌவாலும் வந்து உட்காரும்போது, நாம் நடாத மரத்தின் விதையையும் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. நட்டவர் பட்டியலில் இல்லாத ஒரு காட்டு மரம் அந்தத் தட்டில் முளைத்தால், அதுதான் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். காட்டுக்கு வெளியாட்களோடு போக்குவரத்து வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் சுற்றிலும் கரும்பு மட்டுமே இருந்தால், கொண்டுவரப் பறவை இருந்தும் எடுத்துவரக் காடு இருக்காது. 30 மீட்டர் பட்டை என்பது அநேகமாக முழுவதும் ஓரம்தான். வெயிலும் களை விதையும் இரண்டு பக்கமிருந்தும் நுழையும். ஒரு ஜன்னல் அளவு நிழல் விலகினாலும் பழைய புல் விதை விழித்துக்கொள்ளும்.

சாவோ பாவுலோ மாநிலம் தன் விதிகளை மாற்றிய விதத்தில் இந்தப் பாடம் தெரிகிறது. 2008ஆம் வருஷத்து விதி குறைந்தது 80 நாட்டு மர வகைகள் வேண்டும் என்று எண்ணிக்கையை வைத்தது. 2014ஆம் வருஷத்து விதி வேறு மூன்றைக் கேட்கிறது. நாட்டுத் தாவரங்கள் தரையை எவ்வளவு மூடியிருக்கின்றன, தானாக முளைத்த நாட்டுக் கன்றுகள் எத்தனை, அவை எத்தனை வகை. நட்டதைவிட முளைத்ததற்கு மதிப்பு. இது சரியான திசை என்பது என் உறுதியான எண்ணம். இதில் விதைவங்கி கணக்கும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஏனென்றால் கன்று இன்றைய நிலையைச் சொல்கிறது, நாளைக்கு ஒரு மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் காடு வருமா புல் வருமா என்பதை மண்தான் சொல்லும்.

மேல்மண்ணையே எடுத்துப்போய்ப் பரப்பும் வழியும் உண்டு. ஒரு காட்டை எப்படியும் இழக்கப்போகிறோம் என்றால், அதன் மேல்மண்ணைச் சருகோடு வழித்து, சீரமைக்கும் இடத்தில் உடனே விரிப்பது. அமேசானின் ட்ரோம்பெட்டாஸ் பகுதியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பாக்சைட் சுரங்கங்களை மூடும்போது மேல்மண்ணை இப்படித் திரும்பப் பரப்புகிறார்கள். மண்ணைக் குவித்துவைத்து மாதக்கணக்கில் தாமதித்தால் குவியலுக்குள் விதைகள் வீணாகும், சுடச்சுடப் பரப்ப வேண்டும்.

நம் கரைக்கு வந்தால்

வைகை, பாலாற்றுப் படுகைகளைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். பிரேசில்காரர்களுக்கு ஆப்பிரிக்கப் புல் என்றால், நமக்கு மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த சீமைக்கருவேலம். பொக்லைன் வைத்து மரத்தை வேரோடு பிடுங்கி, படம் எடுத்து முடித்த பிறகும் விதை இருப்பு அங்கேயே இருக்கிறது. பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது, வெளிச்சம் விழுகிறது, முதல் மழையில் ஆயிரம் கன்று. அடுத்த சில வருஷம் வந்து வந்து இளங்கன்றுகளைக் களைய ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை. அதே இடத்தில் நீர்மருதும் நாவலும் புங்கமும் நடுகிறவர்கள் சீக்கிரம் நிழல் கட்டும் மரங்களையும் நெருக்கமாகச் சேர்த்து நட வேண்டியதும் இதனால்தான். நாவல் தன்னை மண்ணில் சேமித்துக்கொள்ளாது. பழம் தின்னும் பறவையும் வௌவாலும் வந்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை.

கன்று நடும் முன் நீங்களும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். நடப்போகும் கரையில் பத்துப் பதினைந்து இடங்களில் மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்கு எடுத்து, வேர்களையும் கிழங்குகளையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, பழைய பிளாஸ்டிக் தட்டுகளில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். பாதியை வெயிலில், பாதியை நிழலில் வையுங்கள். மேலே கொசுவலை கட்டுங்கள். வறுத்து ஆறவைத்த மணல் தட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மூன்று மாதம் தண்ணீர் தெளியுங்கள். அடையாளம் தெரிந்த நாற்றைக் குறித்துக்கொண்டு பிடுங்கிவிடலாம். தெரியாததைக் களை என்று தூக்கி எறிந்துவிடாமல் தனித் தொட்டிக்கு மாற்றிப் பூக்கும்வரை வளருங்கள். பூ வந்த பிறகு ஊரில் மாடு மேய்க்கும் பெரியவர் யாரிடமாவது காட்டிப் பெயர் கேளுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.